ஓகஸ்டில் பார்த்த காடு

ஆவ்ர்-சென்-பியேர்
18 யூன் 2023

அன்புள்ள யோசெப்பின்,

இங்கே வந்து ஒன்பது நாள் ஆகிறது. நான் சுகம். நாங்கள் ஆய்வு செய்கிற தீவுகளில் போன் வேலை செய்யாது. பின்னேரம் படகு கரைக்கு வந்த பிறகுதான் வெளியுலகம். நீரும் கர்க்லாண்டில் உம்முடைய அண்ணை வின்சன்ட் வீட்டிலிருந்து போனில் கதைத்தால் அவருடைய காதும் சேர்ந்து கேட்கும் என்று சொன்னீர். அதனால்தான் உம்முடைய வேலையிட விலாசத்துக்குக் கடிதம் போடுகிறேன். உறையில் 'தாவரக் காப்பகம்' என்று பிரெஞ்சில் பெரிதாக எழுதியிருக்கிறேன். ஏதோ ஆய்வுக் கடிதம் என்று மற்றவர்கள் நினைக்கட்டும்.

தேடி வந்தது நேற்றுக் கிடைத்தது. சிறுபூ அனெமோன். கடல் வரைக்கும் தட்டையாகக் கிடக்கிற சுண்ணாம்புப் பாறையில், வெடிப்புக்குள் கொஞ்ச மண் சேர்ந்த இடத்தில் நின்றது. விரல் நீளத் தண்டு, தண்டுக்கு ஒரு பூ. வெள்ளை, இதழின் அடிப்புறத்தில் மட்டும் லேசான நீலம். சுற்றிவர ஒரு மரம் கிடையாது. காற்று ஒரு நிமிடம் நிற்கவில்லை. முழங்காலில் ஊர்ந்து எண்ணினேன், நாற்பத்தொன்று.

எண்ணும்போது உம்முடைய காட்டை நினைத்துக்கொண்டேன். அங்கே நின்றதும் அனெமோன்தான். ஆனால் அதைக் கொண்டுவந்து இங்கே வைத்தால் ஒரு நாள் தாங்காது. இதை அங்கே வைத்தாலும் அப்படித்தான்.

மே ஏழாம் திகதி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனதற்கு நான் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் மொன்றியலில் ரக்ஸி ஓடினவன் நான். யாழ்ப்பாணத்தில் எடுத்த தாவரவியல் பட்டம் அலுமாரிக்குள் கிடந்தது. நாலு வருடத்துக்கு முன்பு, கட்டடம் கட்டுவதற்கு முதல் நிலத்தைப் பார்த்து அறிக்கை எழுதுகிற இந்தக் கொம்பனி களஆய்வுக்கு எடுத்தபோது, அட்டையில் என் பெயருக்குக் கீழே 'தாவரவியலாளர்' என்று அடித்துத் தந்தார்கள். அதைப் பார்க்க என் மகள் சாருஜாவின் அம்மா இருக்கவில்லை. அவ இறந்து ஆறு வருடம். அந்த அட்டையைப் பார்த்து உண்மையாகச் சந்தோசப்பட்ட முதல் ஆள் நீர்தான்.

அந்தக் காட்டில் நான் கேட்ட கேள்விக்கு நீர் பதில் சொல்லாமல் ஓடைக்கரையில் இருந்து சப்பாத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தீர். அவசரமில்லை. ஆனால் கேட்டது கேட்டதுதான்.

அன்புடன்,
ஞானேந்திரன்


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
30 யூன் 2023

அன்புள்ள ஞானேந்திரன்,

உங்கள் கடிதத்தை எங்கள் பொறுப்பாளர் கையில் வைத்துக்கொண்டு, "உனக்குத்தான், ஏதோ அவசர ஆய்வுபோல" என்று சிரித்தா. உங்கள் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

இங்கே வளாகத்துக்குப் பின்னால், ரயில் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் கனடா அனெமோன் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கிறது. அது யாரையும் கேட்காது. ஈரமும் வெயிலும் இருந்தால் போதும், அடுத்த வருடம் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். எங்கள் காட்டிலுள்ளது அந்தச் சாதி இல்லை. மேப்பிள் மரங்கள் இலை விடுவதற்கு முன்னர் கிடைக்கிற மூன்று கிழமை வெளிச்சத்தில் அது பூத்து முடித்துவிட வேண்டும். பிறகு நிழல் வேண்டும், கறுத்த ஈர மண் வேண்டும். ஒற்றை இலையோடு வருடக் கணக்கில் நிற்கும், பூக்காது. நீங்கள் அன்று பார்த்த அந்தப் பரப்பு உண்டாக நூறு வருடம் எடுத்திருக்கும்.

அதை எப்படிக் கண்டேன் என்று கேட்டீர்கள், அன்று சொல்லவில்லை. 2012 மே மாதம். மாதா கோவில் ஆட்களோடு ஆற்றங்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம். பெண்கள் வட்டமாக இருந்து, "யோசெப்பின், நீ இன்னும் ஏன் ஒண்டும் பாக்கேல்லை? வயசு போகுதெல்லே" என்று தொடங்கினார்கள். தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு எழும்பி நடந்தேன். வீதியைக் கடந்து, ஒரு வேலியைக் கடந்து, மரங்களுக்குள் போய், ஓடைக்கரையில் நின்று அழலாம் என்று பார்த்தால் நிலம் முழுக்க வெள்ளை. அழ மறந்துபோனேன். அதன் பிறகு ஒவ்வொரு மேயிலும் தனியாகப் போய் வருகிறேன்.

ஞானேந்திரன், இந்தக் கையால் எத்தனை ஆயிரம் செடிகளை ஒட்டி, இடம், வாழிடம், நாள், எடுத்தவர் என்று சீட்டு எழுதியிருப்பேன்! அந்தக் காட்டுக்கு மட்டும் எழுதவில்லை. ஒரு செடி எடுக்கவில்லை, ஒரு படம்கூட எடுக்கவில்லை. இடம் வெளியே தெரிந்தால் தோண்டிக்கொண்டுபோக ஆட்கள் வருவார்கள் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் உங்களுக்கு மட்டும். அண்ணை வீட்டில் என் அறையில் பாதி அரிசி மூட்டையும் பழைய தையல் மெசினும். இந்த நாட்டில் எனக்கென்று மட்டும் இருக்கிறது அந்த இடம்தான். நீங்கள் ஒருவருக்கும் சொல்லக் கூடாது. வாக்குத் தர வேண்டும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஓம்.

நாற்பத்தொன்பது வயதில் இந்தச் சொல்லை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. திரும்ப வாசிக்காமல் உறைக்குள் போடுகிறேன்.

உங்கள்,
யோசெப்பின்


வில்லரே
10 செப்ரெம்பர் 2023

அன்புள்ள யோசெப்பின்,

உம்முடைய கடிதங்களுக்குப் பிந்திப் பதில் எழுதுகிறேன், கோவிக்க வேண்டாம். சாருஜாவுக்குச் சொல்லிவிட்டேன். ஒட்டாவாவிலிருந்து அன்றைக்கே பஸ் ஏறி வந்தாள். "அப்பா, அவவுக்குச் சமைக்கத் தெரியுமோ? உங்களுக்குத் தெரியாதே" என்று கேட்டு, பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சம்மதம்.

ஓகஸ்ட் முழுக்க மொன்றியலைச் சுற்றித்தான் வேலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு காடு, ஒரு பழைய வயல். எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை, வெயிலும் நுளம்பும். வயலோரம் உயர அனெமோன் காய்த்துப் பஞ்சு விட்டு நின்றது. கொஞ்சம் பிய்த்துப் பையில் போட்டேன், எங்கேயோ விழுந்துவிட்டது.

கொம்பனியில் என்னை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். இனி ஒவ்வொரு பனிக்காலமும் வேலை இருக்குமோ என்று பார்த்திருக்கத் தேவையில்லை. கலியாணத்துக்கு முன்பு அது நடந்தது நல்லதுதானே.

உமக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றுகிறேன். அந்தக் காட்டைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

அன்புடன்,
ஞானேந்திரன்


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
17 டிசெம்பர் 2023

அன்புள்ள ஞானேந்திரன்,

சொல்லிவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து, அண்ணை மேற்சட்டையைக் கழற்றிக் கொழுவும்போது எங்கள் கலியாணத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"எங்கட வேதத்துக்கு வருவாரோ?"

"நான் கேக்கேல்லை, அண்ணை."

"அப்ப கோயில்ல எழுதாமல் என்ன கலியாணம்?"

"நகர நீதிமன்றத்தில எழுதுற கலியாணம்."

பிறகு, "இருபத்தாறு வருசமா இந்த வீட்டில உனக்கு என்ன குறை விட்டனாங்கள்?" என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை என்பதும் உண்மை, நான் போக வேண்டும் என்பதும் உண்மை. அண்ணி குசினிக்குள் நின்று கண்ணால் 'விடாதே' என்றா. அது எனக்குப் பெரிய தைரியம்.

மே பதினெட்டாம் திகதி சனிக்கிழமைக்கு நாள் எடுத்திருக்கிறேன். அதற்கு முதல் வாரம் நாங்கள் இருவரும் காட்டுக்குப் போய் வர வேண்டும். எனக்கு வேறு சடங்கு தேவையில்லை.

ஒரு குறை. கோடையில் நாலு பக்கம் எழுதிய கை, இப்போது அரைப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. நேரில் வந்தாலும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சன்னலைப் பார்க்கிறீர்கள். காட்டைப் பற்றி நான் எடுத்தால் பேச்சை மாற்றுகிறீர்கள். உடம்புக்கு ஏதாவதோ? பிரஷர் பார்த்தீர்களா? என்னவென்றாலும் எனக்குச் சொல்லலாம்.

நத்தார் வாழ்த்துகள்.

உங்கள்,
யோசெப்பின்


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
22 மார்ச் 2024

ஞானேந்திரன்,

செவ்வாய்க்கிழமை காப்பகத்துக்கு ஒரு பெண் வந்தா. ஆற்றுக்கு அப்பாலுள்ள ஒரு காட்டில் வீடுகள் கட்டப் போகிறார்கள், அந்த இடத்திலிருந்து பழைய செடி ஏதாவது உங்களிடம் உண்டா என்று கேட்டா. நான் அலுமாரிகளைத் தேடினேன். இல்லை என்றேன். இல்லைத்தானே.

"அப்படியென்றால் இந்த அறிக்கை சொல்வது சரிதான்" என்று கையிலிருந்ததைக் காட்டினா. முதலில் வரைபடத்தைத்தான் பார்த்தேன். வீதி, வேலி, ஓடை. பக்கம் முப்பத்தொன்றில் இரண்டு வரி: "ஆய்வின்போது கவனத்துக்குரிய தாவரம் எதுவும் காணப்படவில்லை. இவ்விடத்துக்கு முந்திய பதிவும் இல்லை." ஆய்வு நாள் ஓகஸ்ட் ஒன்பது. அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. நான் கடிதங்களின் அடியில் பார்த்துப் பழகிய அதே கையெழுத்து.

தெற்குப் பக்கத்து மரங்களை பெப்ரவரியிலேயே வெட்டிவிட்டார்களாம்.

இது நீங்கள்தானா என்று கேட்கவில்லை. ஏன் என்று மட்டும் எழுதுங்கள்.

யோசெப்பின்


வில்லரே
31 மார்ச் 2024

அன்புள்ள யோசெப்பின்,

இன்று உங்களுக்கு உயிர்த்த ஞாயிறு. இந்த நாளில் இந்தக் கடிதம் எழுதுகிறேன். 'நீர்' என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி காலை என்னிடம் தந்தது ஒரு வரைபடமும் இரண்டு காணி எண்களும்தான். நான் வடக்கு வீதியால் உள்ளே போனேன். அந்தப் பக்கத்தால் நாங்கள் போகவில்லை, அதனால் முதலில் விளங்கவில்லை. ஓடைக்கு வந்து, நீங்கள் இருந்து சப்பாத்துத் துடைத்த அந்த விழுந்த மரத்தைக் கண்டபோதுதான் கால் நின்றது.

நிலத்தில் ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தெரியும், ஓகஸ்டில் அது இலை வாடி மண்ணுக்குள் போய்விடும். பன்னச் செடியும் காய்ந்த சருகும்தான். இரண்டு மணித்தியாலம் ஒரு இலைக்காகத் தேடினேன். ஒரு இலை கிடைத்திருந்தால் எழுதியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

காருக்குத் திரும்பி வந்து முகாமையாளருக்குப் போன் அடித்தேன். "இந்தக் காட்டை மே மாதம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்" என்றேன்.

"ஏன்? ஏதாவது கண்டாயா?"

"இல்லை."

"பழைய பதிவு உண்டா?"

"இல்லை."

"பிறகென்ன? கண்டதை எழுது."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும், மே மாதம் என் கண்ணால் கண்டேன் என்று. சொல்லவில்லை. யோசெப்பினுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், வாய் திறக்கக் கூடாது என்று எனக்குள் சொன்னேன். அதைச் சாட்டாகப் பிடித்துக்கொண்டேன். உண்மை அது இல்லை. அடுத்த கிழமை என்னை நிரந்தரம் ஆக்குவதைப் பற்றி முடிவு எடுக்க இருந்தார்கள். கரைச்சல் தருகிற கிழவன் என்ற பெயர் வேண்டாம் என்று நினைத்தேன். ஐம்பத்தேழு வயதில் திரும்ப ரக்ஸிக்குள் ஏறி இருக்கப் பயந்தேன். அவ்வளவுதான்.

அறிக்கையில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதை எத்தனையோ தரம் வாசித்துப் பார்த்துவிட்டேன்.

செப்ரெம்பரில் உங்களுக்குக் கடிதம் எழுதும்போது இதையும் எழுதத்தான் பேனை எடுத்தேன். வெயிலும் நுளம்பும் என்று எழுதினேன். அதன் பிறகு நீங்கள் மே மாதத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், கட்டுகிறவர்களுக்கு ஏதாவது தடங்கல் வந்துவிடும், இந்த மேயிலும் அது பூக்கும், நான் சொல்லாமலே தப்பிவிடுவேன் என்று காத்திருந்தேன். பெப்ரவரியில் வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

ஞானேந்திரன்


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
9 மே 2024

ஞானேந்திரன்,

பதினெட்டாம் திகதிக்கு எடுத்திருந்த நாளை ரத்துச் செய்துவிட்டேன். அண்ணைக்குக் காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு நண்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். வேலிக்குப் பதில் இரும்பு வலை அடித்திருக்கிறார்கள், ஒரு மூலையில் திறந்திருந்தது. தெற்குப் பக்கம் முழுவதும் அடிக்கட்டைகள். ஒரு நிழல் இல்லை. வானம் அப்படியே நிலத்தில் இறங்கியிருந்தது. நான் வெறும் சேற்றைத்தான் எதிர்பார்த்துப் போனேன். அது நடந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். ஆனால் பூத்திருந்தது, ஞானேந்திரன். இயந்திரங்களின் சில்லுத் தடங்களுக்கு நடுவிலும், கட்டைகளைச் சுற்றியும், முந்திய வருடங்களைவிடக் கூடுதலாகப் பூத்திருந்தது. மரம் போனதுகூட அதற்கு இன்னும் விளங்கவில்லை. யூனில் நிழல் வரும் என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. யூனில் மண் காயும், அடுத்த வருடம் முள்ளுப்பற்றை மூடும், அதற்கு முதல் இயந்திரம் வரும்.

ஓடைக்கு வடக்கே இன்னும் வெட்டவில்லை. அங்கேயும் ஒரு துண்டு இருக்கிறது, ஒரு பெரிய அறையளவு. வீதி போட அதையும் அடுத்த பனிக்காலத்தில் எடுப்பார்களாம்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். மாகாணத் தாவரப் பதிவுக்குக் கொடுக்கிற படிவம். இந்த மேயில் நான் கண்டதை எழுதியிருக்கிறேன், படமும் செடியும் இந்தத் தடவை எடுத்தேன். ஆனால் அறிக்கை வந்த பிறகு ஒரு பெண் தனியாக வந்து சொல்கிற பேச்சு இது. எங்கேயோ எடுத்த செடி என்று சொல்லக் கொம்பனிக்காரர் தயங்கமாட்டார்கள். ஆகவே இரண்டாவது வரியில் 2023 மே 7 என்று எழுதி, கண்டவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர் போட்டிருக்கிறேன். உங்கள் பெயருக்கு நேரே கையெழுத்து வேண்டும்.

அதில் கையெழுத்துப் போட்டால் உங்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஓகஸ்டுக்கு முன்பே உங்களுக்குத் தெரியும் என்பதை நீங்களே எழுதிக் கொடுப்பதாகும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

இயந்திரம் வருவதற்கு முன்பு கிடைத்தால் நல்லது.

யோசெப்பின்


வில்லரே
20 யூன் 2024

அன்புள்ள யோசெப்பின்,

உங்கள் படிவம் நாலு கிழமை என் மேசையில் கிடந்தது. பேனையை எடுப்பேன், வைப்பேன். அந்த நாலு கிழமைக்குள் தெற்குப் பக்கத்துக் கட்டைகளைப் பிடுங்கி மண்ணை வழித்துவிட்டார்கள். இதை உங்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் எழுதிய அன்றே போட்டிருந்தால் அந்தப் பக்கத்துக் கிழங்குகளையாவது மாற்றி வைக்க வழி இருந்திருக்கும். ஓகஸ்டில் ஒரு தடவை, மேயில் ஒரு தடவை தவறவிட்டேன்.

யூன் பதினோராம் திகதி அந்த ஊர் நகரசபையில் கூட்டம் என்று அறிந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஆளுக்கு மூன்று நிமிடம். எனக்கு முன்னால் ஒருவர் வீதி நெரிசலைப் பற்றிக் கத்திவிட்டுப் போனார். நான் எழும்பி, என் பெயர் ஞானேந்திரன், இந்த அறிக்கையில் கையெழுத்திட்ட தாவரவியலாளர் நான்தான் என்றேன். என் பிரெஞ்சு ரக்ஸிப் பிரெஞ்சு, உங்களுக்குத் தெரியும்.

தலைவர் கேட்டார், "அறிக்கையில் பிழை இருக்கிறது என்கிறீர்களா?"

"நான் பார்த்த மாதம் பிழை. மே மாதம் பூக்கிற பூவை ஓகஸ்டில் தேடினேன்."

"அது உங்களுக்கு அப்போது தெரியாதா?"

"தெரியும். மூன்று மாதம் முன்னர் அதே இடத்தில் கண்டிருந்தேன்."

"அப்படியென்றால் ஏன் எழுதவில்லை?"

உங்களுக்கு எழுதியதையே அங்கேயும் சொன்னேன். வேலைக்குப் பயந்து எழுதவில்லை என்று. உங்கள் பெயரையோ வாக்கையோ இழுக்கவில்லை. படிவத்தை மேசையில் வைத்தேன். மூன்று நிமிடம் முடியவில்லை, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சொல்ல வேறு ஒன்றும் இருக்கவில்லை.

வெளியே முகாமையாளர் நின்றார். "நாளை வரத் தேவையில்லை" என்றார். சத்தம் போடவில்லை. நல்ல மனிதர்தான்.

வடக்குப் பக்கத்து வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை ஒரு உயிரியலாளர் வந்து பார்த்தாவாம். இலைகள் இன்னும் வாடவில்லை, எண்ணி எழுதிக்கொண்டு போனாவாம். ஓடையோரம் ஒரு துண்டை விடுவதாகக் கதை. வீதி வரும், ஆனால் வளைத்துப் போடுவார்கள்.

சாருஜா வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, போன வருசமே அவவிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றாள். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக் கோப்பை கழுவினேன்.

வேலை போனது பற்றிப் பெரிய துக்கம் இல்லை. பழைய ரக்ஸிக்காரர் ஒருவரிடம் வார இறுதிக்குக் கார் கேட்டிருக்கிறேன். 'தாவரவியலாளர்' என்ற அந்த அட்டையைக் கிழிக்க மனம் வரவில்லை, மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

ஒன்று கேட்கட்டுமா? நான் வந்து உங்களைப் பார்க்கலாமா? காப்பகத்துக்கு வேண்டாம் என்றால் சென்ட்-ஆன் கால்வாய்க்கரையில், பத்து நிமிடம் போதும்.

அன்புடன்,
ஞானேந்திரன்


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
6 ஒக்ரோபர் 2024

அன்புள்ள ஞானேந்திரன்,

மூன்றரை மாதம் உங்களைக் காத்திருக்க வைத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

முதலில் செய்தி. செப்ரெம்பரில் அண்ணை வீட்டை விட்டு இங்கே வளாகத்துக்குக் கிட்ட ஒரு அறை எடுத்துக்கொண்டேன். அண்ணையே கட்டிலைத் தூக்கி வந்து பூட்டித் தந்தார். போகும்போது, "பெட்டி திறக்க ஏலாட்டி போன் எடு, வாறன்" என்றார். ஓடையோரத் துண்டு தப்பிவிட்டது, நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் கூட்டத்தில் பேசியதைப் பற்றி அந்த உயிரியலாளர் பெண் எனக்குச் சொன்னா. "ஒரு வயதான மனிதர், ஒரு வரியையும் விழுங்கவில்லை" என்றா. அதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

இனி நான் இத்தனை நாளும் எழுதாததை எழுதுகிறேன்.

அந்த அறிக்கையில் இரண்டு வரி இருந்தது. காணப்படவில்லை என்பது உங்கள் வரி. முந்திய பதிவு இல்லை என்பது என்னுடையது. நீங்கள் மறைத்தது ஏழு மாதம். நான் பதினொரு வருடம் மறைத்தேன். 2012இல் ஒரு படிவம் நிரப்பியிருந்தால், உங்கள் முகாமையாளர் பழைய பதிவு உண்டா என்று கேட்டபோது நீங்கள் ஓம் என்று சொல்லியிருப்பீர்கள், எந்தப் பயமும் இல்லாமல். செடிகளுக்குச் சீட்டு எழுதுவதுதான் என் தொழில். அந்த ஒன்றை எனக்கென்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். வைத்திருந்ததால் அது போனது. கோடை முழுக்க எனக்குத் தெரிந்த மற்ற இடங்கள் எல்லாவற்றுக்கும் படிவம் எழுதி அனுப்பிவிட்டேன். ஆறு இடம். இப்போது என்னிடம் இரகசியம் ஒன்றும் கிடையாது.

ஆகவே உங்களை நான் மன்னிக்கிறேனா என்று கேட்டால், மன்னிக்க உங்களுக்கு மேலே நான் இல்லை, கேட்க எனக்குக் கீழே நீங்களும் இல்லை.

ஆனால் சாருஜா உங்களிடம் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி பின்னேரம் நீங்கள் நேரே என்னிடம் வந்து, "யோசெப்பின், இப்படி நடந்துவிட்டது, என்ன செய்வோம்?" என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? வாக்கை விடுங்கள், இப்போதே போய்ச் சொல்லுங்கள் என்றிருப்பேன் என்றுதான் முதல் நாட்களில் நினைத்தேன். பிறகு அந்த நாளில் நான் யாராக இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நாற்பத்தொன்பது வயதில் முதல்முறையாக ஒருவர் என்னைக் கேட்டு, நான் ஓம் என்று எழுதி ஆறு கிழமை. உங்களுக்கு வேலை போனால் கலியாணம் தள்ளிப் போகும். ஒருவேளை நான், "இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ, பேந்து பாப்பம்" என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை.

எனக்கு அது தெரியாது. இனி ஒருபோதும் தெரியப் போவதில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று காட்ட அந்த ஒரு நாள் இருந்தது, அந்த நாளை நீங்கள் எனக்குத் தெரியாமல் தனியாகக் கழித்துவிட்டீர்கள். காட்டை இழந்ததைவிட எனக்கு இதுதான் வலிக்கிறது. நல்லதோ கெட்டதோ, அதை நாங்கள் இருவராகச் செய்திருந்தால், இன்று இருவராக இருந்து வருந்தலாம். இப்போது நீங்கள் வில்லரேயில் இருந்து ஒன்றுக்கு வருந்துகிறீர்கள், நான் இங்கே இருந்து வேறொன்றுக்கு வருந்துகிறேன்.

கால்வாய்க்கரைக்கு வர வேண்டாம். உங்களைக் கண்டால் என் மனம் இளகிவிடும், தேத்தண்ணி குடிப்போம், அடுத்த மேயில் ஒரு நாள் எடுப்போம். அதன் பிறகு நீங்கள் சன்னலைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தடவை எதைச் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மாதிரிப் பெண்ணாக உங்கள் வீட்டில் இருக்க எனக்கு விருப்பமில்லை. நீங்களும் அதற்குப் பழகிவிடுவீர்கள், அது இன்னும் கூடாது.

உங்கள் கடிதங்களைத் திருப்பி அனுப்பவில்லை. நான் வைத்திருக்கிறேன். நீங்களும் என்னுடையதை வைத்திருப்பதென்றால் வைத்திருங்கள்.

சாருஜாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். எனக்குச் சமைக்கத் தெரியும் என்றும் சொல்லுங்கள். கேட்டிருந்தாளே, நான் பதில் சொல்லவில்லை.

யோசெப்பின்